ஒதுக்குப்புறம்

சின்னத்தங்கம் கதிரையில் முதுகு சாய்த்து இருந்ததை அவளுடைய பிள்ளைகள்கூடக் கண்டதில்லை. சோறு தின்னும்போதும் ஒரு கால் எழும்பத் தயாராக நிற்கும். மாங்கேணியில் பிறந்தவள். அங்கேயே ஒரு மீன்பிடிகாரரைக் கட்டினாள். அவர் நெஞ்சுவலியில் போனார், பிறகு கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. முகாமில் இருந்தபடியே பராமரிப்பாளர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். அந்தச் சான்றிதழோடு சைப்பிரஸ் போய், படுக்கையோடு கிடந்த ஒரு மனுஷியை வருடக்கணக்காகத் திருப்பிப் போட்டுக் கழுவித் துடைத்தாள். அந்த மனுஷி முதுகில் ஒரு புண் இல்லாமல் கண்மூடினாள் என்பதைத்தான் தன் வாழ்க்கையில் பெரிய காரியமாகச் சொல்லுவாள். வேறு எதையும் அவ்வளவாகச் சொல்லமாட்டாள்.

இப்போது அறுபது தாண்டிவிட்டது. கல்லடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, மட்டக்களப்பு டவுனுக்குள் நோயாளி பார்க்கும் வேலை செய்கிறாள். டவுனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பாள். ஆனால் அது பஸ்ஸிலிருந்து இறங்கி, பெரியாஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கச்சேரிக்கோ போய், அலுவல் முடித்துத் திரும்பவும் பஸ் ஏறுகிறவர்களின் தெரிதல். இந்த ஊரில் மரம் எங்கே நிற்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. வினாயகமூர்த்தி ஐயாவின் வீட்டுக்கு வேலைக்குப் போன பிறகுதான் அதெல்லாம் தெரிந்தது. அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அரசடியில் வீடு. ஐயா டவுனில் பேர்போன தையல்காரர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. வாழ்நாள் முழுவதும் மெஷினுக்கு முன்னால் இருந்து இருந்தே முதுகு வளைந்தவர். மனைவி இறந்தார், பிறகு சின்னதாக ஒரு பாரிசவாதம். கையும் காலும் தேறிவிட்டன, சொல்தான் தேறவில்லை. நினைவும் அங்குமிங்கும் ஓட்டை. ஒரு வசனத்தைத் தொடங்குவார், நடுவில் சொல் நழுவிவிடும். கிடைத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டுப் பேசாமல் விட்டுவிடுவார். காலமெல்லாம் ஓரிடத்தில் இருந்தவருக்கு இப்போது இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் நடை. கேற் திறந்திருந்தால் போதும், ஆள் வீதியில். ஏற்கெனவே இரண்டு தரம் காணாமல் போய், ஒரு தரம் ஊறணியிலும் ஒரு தரம் பாலமீன்மடுப் பக்கமும் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள்.

மகள் அஜந்தா கணித ஆசிரியை. மருமகன் ரதீஸுக்கு வாகரையில் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வருவான். மகன் கனடாவில். சின்னத்தங்கம் வேலைக்குச் சேர்ந்த அன்று அஜந்தா தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா எங்கள விட்டு ஒதுங்கப் பாக்கிறார் அக்கா. அம்மா போனதில இருந்து அப்பிடித்தான். நாங்க என்ன குறை வெச்ச எண்டு விளங்குதில்ல."

செங்கலடிக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. நல்ல இடம், சுற்றிவர மதில், உள்ளே மாமரங்கள். அங்கே ஓர் இடம் சொல்லி வைத்தாயிற்று. சின்னத்தங்கம் பொறுப்பெடுத்தால் கொஞ்ச நாள் பார்க்கலாம். இன்னொரு தரம் அப்பா காணாமல் போனால் அடுத்த திங்கட்கிழமையே கொண்டுபோய் விடுவது. தம்பியும் கனடாவிலிருந்து அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டான்.

சின்னத்தங்கத்துக்கு அந்த மாதிரி இடங்கள் தெரியும். மோசம் என்று சொல்லமாட்டாள். ஆனால் சொல் நழுவுகிற ஒருவரைப் புதிய முகங்களுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டால், மிஞ்சியிருக்கிற சொற்களும் ஒரு மாதத்தில் போய்விடும். அதைக் கண்ணால் கண்டிருக்கிறாள். ஆகையால் கேற்றைப் பூட்ட வேண்டாம், நான் கூட நடக்கிறேன் என்றாள்.

நடந்தார்கள். முன்னால் ஐயா, பின்னால் இவள். காலையில் ஒரு தரம், வெயில் தாழ்ந்தபின் ஒரு தரம், சில நாட்களில் நடுப்பகலிலும். சனம் நிறைந்த வீதிகளை அவர் வேகமாகக் கடந்துவிடுவார். அவருக்குப் பிடித்தவை எல்லாம் யாரும் போகாத மூலைகள் என்று இவளுக்கு முதல் கிழமையே விளங்கிவிட்டது. வாவிக்கரைப் பூங்காவில் குடைகளுக்குள் சோடிகள் இருக்கும் பக்கத்தை விட்டு, கடைசி வாகை மரத்துக்குப் பின்னால் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பழைய நூலகக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு நாவல் மரம், கீழே ஊதா நிறத்தில் பழம் சிந்திக் கிடக்கும், அங்கே நிற்பார். ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைகள் கிடக்கும் சேமக்காலைக்கு வெளியே, வேலியோரம் நித்தியகல்யாணி பூத்திருக்கும் ஒடுங்கிய பாதை. பிறகு மூடிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கு அப்பால் கண்டல் மரங்கள். வேர்கள் தண்ணீருக்குள் விரல் ஊன்றி நிற்க, கொக்குகள் இருக்கும் இடம். டவுனுக்குள் இவ்வளவு மரமும் அமைதியும் ஒளிந்து கிடந்தது இவளுக்குப் புதினமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்த இடங்கள் கண்ணுக்குள் வந்துபோயின.

ஆனால் ஐயா எங்கேயும் நிலைத்து நிற்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பார், காலை மாற்றுவார், தலையைக் குனிவார், சட்டென்று திரும்பி அடுத்த இடத்துக்கு நடப்பார். அங்கேயும் அதே கதை. அவர் நிற்கும்போது இவள் முதுகைத் திருப்பிக்கொண்டு வீதியைப் பார்த்து நிற்பாள். ஒருவர் ஒன்றில் மனம் வைத்து நிற்கும்போது குறுக்கே போகாதே, மூச்சு விட இடம் கொடு என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

உங்கட அப்பாவுக்கு மரமும் தண்ணியும் எண்டா விருப்பம் என்று அஜந்தாவிடம் சொன்னாள். ஒருநாள் பின்னால் நின்று ஒரு படமும் எடுத்து அனுப்பினாள்: வாகை மரத்தடி, எதிரே வாவி, தனியே நிற்கும் ஐயாவின் முதுகு. கனடாவிலிருந்த மகன் அதை முகநூலில் போட்டு, ‘இயற்கையின் மடியில் என் தந்தை’ என்று எழுதினான். கண்டவர்கள் எல்லாரும் இதயம் போட்டார்கள். அஜந்தா ஏழெட்டுப் பூச்சட்டிகள் வாங்கி அப்பாவின் அறை வாசலில் வைத்தாள். அவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு கேற்றுக்குப் போனார்.

அது ஐப்பசி, மழை விழாத புழுக்கம். ஐயாவின் உதடு காய்ந்து கிடந்தது. தண்ணீர் கொடுத்தால் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். இப்படி வெயிலில் நடக்கிற மனுஷன் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் விழுந்துவிடுவார் என்று ஒருநாள் காலை இவள் இரண்டு செவ்விளநீரை வெட்டி, பக்கத்தில் நின்று முழுவதையும் குடிக்க வைத்தாள். குடித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. சரி, அந்த அலுவல் முடிந்தது என்று இவள் சமையலுக்குத் திரும்பினாள்.

காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் அதை இறக்கிவிட்டுப் போகும்போது கேற்றைச் சாத்தாமல் போனான். இவள் அதை அடுப்போடு பூட்டி, கசிகிறதா என்று சவர்க்கார நுரை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முற்றம் வெறுமையாக இருந்தது. அறையிலும் இல்லை. செருப்பும் இல்லை.

அஜந்தாவுக்கு எடுத்தாள். வகுப்பில் இருந்தாள் போலும், மணி அடித்து அடித்து நின்றது. ஐயா வெளியே போய்விட்டார், நான் தேடிப் போகிறேன் என்று குரல் பதிந்து அனுப்பினாள். மறைத்து வைத்துக் கண்டுபிடித்தபின் சொல்லலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. இன்று அவரைத் தொலைத்தால் திங்கட்கிழமை மதிலுக்குள்தான். இருந்தாலும் சொல்லாமல் விடுகிற வேலை அவளுக்கு வராது.

எதிர்வீட்டுப் புஸ்பம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். ஐயாவைக் கண்டாயா என்று இவள் கேட்டாள்.

"கண்டன்கா. தூரமோ எண்டு கேட்டன். கையக் காட்டிட்டுப் போனாரு."

"எங்க எண்டு கேக்கல்லியா?"

"வெளிக்கிட்டுப் போற மனிசன எங்க எண்டு கேக்கிறதா?" புஸ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை. புறப்பட்டுப் போகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். தூரமோ என்றுதான் கேட்கலாம். வெற்றிலைக் கடைக்காரரும் அதைத்தான் கேட்டிருந்தார். சைக்கிள் திருத்துகிற நல்லரத்தினமும் அதையே. டெய்லர் ஐயாவை ஊரே கண்டிருந்தது, மரியாதையோடு விசாரித்தும் இருந்தது. அவர் எங்கே போகிறார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவருக்குப் பிடித்த இடங்கள் என்று தான் நினைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூங்காவில் வாகை மரத்தடிக்கு அன்று ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா வந்திருந்தது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்து திரும்பிப் போனதாகக் கச்சான் கடலை விற்கிறவள் சொன்னாள். நூலகத்துக்குப் பின்னால் போனாள். நாவல் மரத்துக்குக் கீழே யாரோ புதிதாகச் சீமெந்துக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். சேமக்காலைப் பாதைக்குள் நுழைந்தாள். அந்த மதிலில் முன்பு பாசிதான் படர்ந்து கிடக்கும். இப்போது வரிசையாக ஓடுகள் ஒட்டியிருந்தார்கள்: பிள்ளையார், மாதா, மக்கா பள்ளி. யாருக்கும் குறைவைக்காமல் மூன்றையும் மாறி மாறி. எதற்காக ஒட்டுவார்கள் என்று தெரிந்ததுதான். அதைத் தாண்டி அவள் யோசிக்கவில்லை.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுவிட்டது. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேகமாக நடந்தாள், பிறகு தான் வேகமாக நடப்பதே பிழையோ, ஏதாவது மூலையைப் பார்க்காமல் விட்டேனோ என்று திரும்பி வந்தாள். வாவியின் ஓரம் முழுவதும் கண் ஓடியது. தண்ணீர் கறுத்து, அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கரையோரம் ஏதாவது வெள்ளையாகத் தெரிந்தால் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அது பையாகவோ கொக்காகவோதான் இருந்தது.

கல்லடிப் பாலத்தடி ஓட்டோத் தரிப்பில் காத்தான்குடி நளீர் நின்றான். அவனிடம் கேட்டாள்.

"டெய்லர் மாமாவ எனக்குத் தெரியாதா அக்கா? என்ட கலியாணக் கோட்டு அவர்ர கைதானே. இப்ப கொஞ்சத்துக்கு முன்னதான் நிண்டாரு. ‘தம்பி ஒதுங்கணும், ஒதுங்கணும்’ எண்டாரு. மானம் கறுத்துக் கெடக்கே, மழைக்கு ஒதுங்கத்தான் எடம் கேக்காரு எண்டு ஏத்தி இருத்தினன். இருக்கல்ல. எறங்கி, என்னய ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போறாரு."

"மழை பெஞ்சதா அப்ப?"

"இல்லக்கா. ஒரு துளியும் விழல்ல."

சின்னத்தங்கம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வீடு கக்கூஸ் வராத காலத்தில் மாங்கேணியில் அதற்கு வேறு சொல் கிடையாது. ஒதுங்கப் போறன் என்பார்கள், பற்றைக்குப் பின்னால் போவார்கள். சபையில் சொன்னாலும் வெட்கமில்லாத சொல். பிறகு சைப்பிரஸ், பிறகு பயிற்சிச் சொற்கள். பாத்ரூம் போகணுமா ஐயா என்று இவள் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். அவர் தலையாட்டி இல்லை என்றிருக்கிறார். இல்லை என்று ஏன் சொல்லமாட்டார்? பாத்ரூமில் போய் நின்று பார்த்து, ஒன்றும் வராமல், குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்து, அதற்கும் வராமல், வெளியே எங்கேயாவது ஒரு மறைவு கிடைத்தால் வருமோ என்றுதானே இந்த மனுஷன் டவுன் முழுவதும் நடந்திருக்கிறார். மரத்தடி, மதிலோரம், வேலியோரம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, குனிந்து, காலை மாற்றி. இவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். படம் வேறு எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

காலையில் கொடுத்த இளநீர் நினைவுக்கு வந்தது. இரண்டு இளநீர்.

"ஓட்டோவ எடுங்க தம்பி. அவருக்கு மழைக்கு ஒதுங்கத் தேவையில்ல, மற்றதுக்கு."

நளீருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "யா அல்லாஹ். அதுக்கா கேட்டாரு? நான் அவரப் புடிச்சி இருத்தி வெச்சிருக்கன்."

எங்கே போவது என்று அவன் கேட்டான். இப்போது யோசிப்பது லேசாக இருந்தது. கோயில் பக்கம் போகமாட்டார். சேமக்காலை மதிலில் சாமிகள் வந்துவிட்டார்கள். பூங்காவில் பிள்ளைகள், நாவலடியில் வேலையாட்கள். பாலத்தடியில் பஸ்ஸும் சனமும். மானமுள்ள ஒரு மனுஷன் ஒதுங்குவதற்கு இனி ஓரிடம்தான் மிச்சம். ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் விடுங்க என்றாள்.

தொழிற்சாலை வாசலோடு ஓட்டோ போகிற பாதை முடிந்தது. மிச்சம் சேறும் கிளிஞ்சலும். முதல் மழைத் துளிகள் பெரிதாக, இடைவெளி விட்டு விழத் தொடங்கின. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கண்டல் வேர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு பூவரசு மரம் நின்றது. அதை ஒரு கையால் பிடித்தபடி ஐயா நின்றார். முகம் சாம்பல் நிறம். நெற்றியில் வேர்வையா மழையா என்று தெரியவில்லை. சாரம் அவிழ்ந்து, மற்றக் கையால் அதைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

இவளைக் கண்டதும் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

"வருதில்ல புள்ள" என்றார்.

அதைச் சொல்ல அவர் சொல் தேடவில்லை.

"தெரியும் ஐயா. கைய வைக்கிறன், கோவிக்காதீங்க."

அடிவயிற்றில் கை வைத்தாள். தொப்புள் வரைக்கும் மத்தளம் போல இறுகிக் கிடந்தது. தொட்டதுமே முனகினார். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். கையை விசிறிக் காட்டினார், கன நாள். முன்பெல்லாம் சொட்டுச் சொட்டாகவாவது வந்திருக்கும். இன்று அதுவும் நின்றுவிட்டது. சாரத்தைக் கட்டிவிட்டு, அவர் கையைத் தன் தோளில் போட்டாள். நளீர் சேற்றுக்குள் இறங்கி வந்து மற்றப் பக்கம் பிடித்தான். வழியெல்லாம் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். ஐயா கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு குழிக்கும் அவருடைய விரல்கள் இவளுடைய கையை இறுக்கின.

பெரியாஸ்பத்திரியில் கனநேரம் காத்திருக்க விடவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்த டொக்டர் நேராக உள்ளே எடுத்தார். குழாய் போட்டார்கள். கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பை நிறைந்தது. நேர்ஸ் அதை வெறுமையாக்கிக்கொண்டு வந்து மாட்டினாள், திரும்பவும் பாதிக்கு மேல் வந்தது. ஐயா ஒரு நீண்ட மூச்சு விட்டார். விட்ட மூச்சோடே நித்திரையாகிவிட்டார். இத்தனை நாளில் அவர் அசையாமல் கிடந்ததை இவள் கண்டது அப்போதுதான். மூச்சு வருகிறதா என்று ஒரு தரம் குனிந்து பார்த்தாள்.

அஜந்தா பள்ளிச் சேலை நனைந்து காலோடு ஒட்ட, விரல்களில் வெண்கட்டித் தூளோடு வந்தாள்.

"உங்கள நம்பித்தானே அக்கா விட்டுட்டுப் போன நான்."

"ஓம். கேற்றப் பாக்காம விட்ட நான். குழாய்ச் சத்தத்தக் கேட்டு அவர் போயிட்டார் எண்டும் நினைச்ச நான். ரெண்டும் என்ட பிழை. அதப் பிறகு கதைப்பம்." பையைக் காட்டினாள். "இவ்வளவும் வயித்துக்க வெச்சுக்கொண்டுதான் டீச்சர் இவர் நடந்து திரிஞ்சிருக்கார்."

அஜந்தா பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களிட்ட அப்பா என்ன சொன்னவர்?" சின்னத்தங்கம் கேட்டாள். "நீங்க விளங்கினதச் சொல்ல வேணாம். அவர் சொன்ன சொல்ல அப்பிடியே சொல்லுங்க."

"ஒதுங்கணும் எண்டார். ஒதுங்கணும் மகள், ஒதுங்கணும் எண்டு ஒவ்வொரு நாளும். சாப்பாட்டு மேசையில வெச்சும் சொன்னார். எங்களோட இருக்கப் பிடிக்கல்ல எண்டு..." அங்கே நின்றாள். சொல் அவளுக்கும் விளங்கியது முகத்தில் தெரிந்தது. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது முடியுமுன்னே அழுகையாகிவிட்டது. "எங்க ஒதுங்கப் போறீங்க, நாங்க என்ன குறை வெச்ச எண்டு அவருக்கு முன்னால அழுத நான் அக்கா. அதுக்குப் பிறகு என்னிட்டச் சொல்லவேயில்ல. அவர் கேக்கிறார் எண்டுதான் அந்த இல்லத்திலயும் இடம் பாத்த நான்."

"அழுகிறதெண்டா வெளியில போய் அழுதுட்டு வாங்க. நித்திரை கொள்றார்."

அஜந்தா போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் காலடியில் நின்றாள். இனி நடக்கமாட்டாரா என்று கேட்டாள்.

"நடப்பார். இவ்வளவு நடக்கமாட்டார். மறதியும் இருக்கே, அதுக்குக் குழாய் போடேலாது."

"அப்ப திங்கக்கிழமை?"

"அது நான் சொல்ற விஷயமில்ல. நோ இல்லாம இருக்கேக்க அவரிட்டக் கேளுங்க. இவ்வளவு நாளும் நோவோட இருந்த ஆளிட்டத்தான் நாம கேட்டிருக்கம்."

ஐயாவை வீட்டுக்கு விட்டபோது குழாயும் பையும் கூடவே வந்தன. சுரப்பி வீங்கிச் சிறுநீர் வழியை அடைத்திருக்கிறது, கொஞ்ச நாளில் ஒரு சத்திரசிகிச்சை, அதுவரை பைதான் என்றார்கள். அஜந்தா இல்லத்துக்கு எடுத்து, ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஒரு கிழமை பொறுங்கள் என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்கவும் இல்லை. கேட்கப் பயந்தாள். எல்லாம் பிழையாக விளங்கியிருந்தாலும், கேட்டபின் அவர் ஓம், நான் போறன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? சமையலறைக்குள் வந்து இதைச் சின்னத்தங்கத்திடம் இரண்டு மூன்று விதமாகச் சொன்னாள். இவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டால்தான் தெரியும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐயா எழும்பிக் கேற்றடிக்குப் போனார். முன்பு போல அவசரமில்லை. பையோடு எப்படி வெளியே, சனம் பார்க்குமே என்று அஜந்தா தயங்கினாள். சின்னத்தங்கம் மரக்கறி வாங்குகிற சீலைப் பையொன்றை எடுத்து, அதற்குள் அதை வைத்துக் கையில் தூக்கிக்கொண்டாள். இடுப்புக்கு மேலே போகக்கூடாது, குழாய் மடியக்கூடாது, அவ்வளவுதான். அன்று அஜந்தாவும் கூட வந்தாள். அப்பா எங்கே நடக்கிறார் என்பதை அவள் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தாள்.

பூங்காவுக்குப் போனார்கள். மழை கழுவிவிட்ட வாகை மரம் பச்சையாக நின்றது. வாவி நிறைந்து, ஓரத்துக் கல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஐயா மரத்துக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தார். இவளும் பை எட்டும் தூரத்தில் பக்கத்தில் இருந்தாள். அஜந்தா மற்றப் பக்கம். தூரத்தில் ஒரு தோணி, வலை இழுக்கிறவனின் முதுகு. காற்று தண்ணீரிலிருந்து குளிர்ச்சியாக வந்தது. அவர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வடிவா இருக்கா அப்பா?"

"நுளம்பு" என்றார் ஐயா. காலில் ஒன்றை அடித்துவிட்டுச் சொறிந்தார். "வீட்ட போவம்."

அஜந்தா கேட்கலாமா விடலாமா என்று ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எந்த வீட்ட அப்பா?"

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். கடையில் ஒருவன் ஒரு முழத் துணியைக் கொண்டுவந்து நீளக் காற்சட்டை தைக்கச் சொன்னால் பார்க்கிற பார்வை.

"எத்தின வீடு இருக்கு? எங்கட வீட்டதான்."

அஜந்தா எழும்பி, கைபேசியை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனாள். இலக்கத்தைத் தேடி அழுத்தியதும், காதில் வைத்ததும் இங்கிருந்து தெரிந்தது. என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. பேசும்போது மற்றக் கையால் இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். செங்கலடிக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு அந்தக் கை தெரிய வேண்டும் போல.

சின்னத்தங்கம் வாங்கில் முதுகு சாய்த்தாள். மரத்துக்கு மேலே கொக்குகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, இடத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டு. எல்லாம் அடங்கும் வரைக்கும் இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் ஐயா எழும்பிவிட்டார். அரசடிப் பக்கம் திரும்பி, யாரையும் பாராமல் நடக்கத் தொடங்கினார். பை இவள் கையில் இருந்தது, குழாய் இழுபடுமுன் இவளும் எழும்ப வேண்டியதாயிற்று.